வார்டு என்றாலே அழும் இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, தானே ஆசைப்பட்டு மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்த தங்கை. முதல் வருடம் போன் செய்தால் கல்லூரிக் கதைதான். இரண்டாம் வருடம் பாதியில் ஆளே மாறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால், மறுநாள் வார்டுக்குப் போகவேண்டுமே என்று அழுகிறாள். மதிப்பெண் மட்டும் குறையவில்லை. "நர்சிங் மாணவிகளுக்குப் படிப்பில் ஈடுபாடு எதனால் வருகிறது, எதனால் போகிறது?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கிற கேள்வி இது என்று நினைக்கிறேன்: குறை அவளிடமா, கல்லூரியிடமா, படிப்பை விட்டுவிடச் சொல்லலாமா? அந்தப் பொதுக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் உள்ளே இருக்கிற கேள்விக்கு வழி தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஆறு வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாக மதுரையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பாதி நேரம் வகுப்பறை, பாதி நேரம் அவர்களோடு வார்டில். பையன்கள் என்னிடம் குறைவாகத்தான் படித்திருக்கிறார்கள். நான் சொல்வது பெரும்பாலும் பெண்பிள்ளைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தனியார் கல்லூரி அனுபவம்தான் எனக்கு அதிகம். உங்கள் தங்கையை நான் பார்த்ததும் இல்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். ஒரு நர்சிங் மாணவியின் ஈடுபாடு வகுப்பறையில் பாதி, வார்டில் பாதி என்று சமமாகத் தீர்மானமாவதில்லை. பெரும்பகுதி வார்டில்தான். வார்டில் அவள் பெயர் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறாரா, அவளை நம்பி ஒரு உண்மையான வேலையைக் கொடுக்கிறார்களா, அதை அவள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் இருக்கிறாரா. இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் சுமாராகப் படிக்கும் பிள்ளைகூட மலர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் இல்லாத இடத்தில் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

உங்கள் தங்கை மாறிய நேரத்தைக் கவனியுங்கள். அவள் மாறிய அதே வருடத்தில் படிப்பும் மாறியிருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டப்படி 2021-22 முதல் எட்டு செமஸ்டர். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள். ஸ்கில் லேபில் பொம்மைக்குப் படுக்கை விரிப்பது, டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி. பார்ப்பது. பள்ளிக்கூடத்தின் நீட்சி மாதிரியே இருக்கும். மூன்றாவது செமஸ்டரில் மருந்தியலும் நோயியலும் நுண்ணுயிரியலும் வந்து சேரும். பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங் தொடங்கும். வார்டு நேரம் நீளும். இதுவரை மாணவியாக மட்டும் இருந்தவள், இப்போது இன்னொருவர் வேலை செய்யும் இடத்துக்குள் போய் நிற்கிறாள்.

"நிற்கிறாள்" என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காலை ஏழு மணி வார்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒப்படைத்துக்கொண்டிருப்பார், காலை டியூட்டி சிஸ்டர் வாங்கிக்கொண்டிருப்பார். முப்பது, நாற்பது நோயாளிகள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஊசி, மாத்திரை, டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ் எல்லாம் நகர வேண்டும். அந்த நேரத்தில் வெள்ளை கோட்டில் எட்டுப் பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள். எங்கே நிற்பது என்றே தெரியாது. கவுன்டர் பக்கம் நின்றால் வழியை மறிக்காதே என்பார்கள், கட்டில் பக்கம் நின்றால் இங்கே என்ன வேலை என்பார்கள். பெயர் கிடையாது, "ஏ ஸ்டூடண்ட்" என்றால் எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அந்த சிஸ்டர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வேலையில் இருந்தவள்தான். கை ஓயாத நேரத்தில் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. தான் யாருக்கும் வேண்டாதவள் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிகிறது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் டிரேசி லெவெட்-ஜோன்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், மாணவிகளுக்கு வார்டில் 'நானும் இங்கே ஒருத்தி' என்ற உணர்வு இருக்கிறதா என்று 2000-களின் பிற்பகுதியில் விரிவாகக் கேட்டார்கள். அந்த உணர்வு இருந்தவர்கள் தயங்காமல் கேள்வி கேட்டார்கள், கற்றார்கள். இல்லாதவர்களின் சக்தியெல்லாம் மற்றவர்களுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்வதிலேயே போனது. தப்பு என்று தெரிந்தாலும் வாய் திறக்கவில்லை. அந்த நாட்டு வார்டும் நம் ஊர் வார்டும் ஒன்றில்லை. அவர்களுக்கு ஆள் அதிகம், நோயாளிகள் குறைவு. இருந்தும் அந்த மாணவிகள் சொன்னதைப் படித்தபோது, என் பிள்ளைகள் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியதைக் கேட்ட மாதிரியே இருந்தது.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வார்டில் இன்னும் மோசம். குளுக்கோஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்பாள். எலும்பு முறிவு வார்டு போஸ்டிங்கில் (ஒவ்வொரு வார்டிலும் முறைவைத்துப் போகும் பயிற்சிக் காலம்தான் போஸ்டிங்) வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டர் இன்சார்ஜ் அவள் பெயரைக் கேட்டார். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மேலூர்க்காரப் பாட்டி ஒருவரைக் காட்டி, "இந்த வாரம் இவங்க உன் பொறுப்பு, எனக்கு நீதான் சொல்லணும்" என்றார். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டபோது பாட்டி "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றார். டாக்டர் நகர்ந்ததும் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, "நேத்து ராத்திரிலேருந்து ஒண்ணுக்கு வரலத்தா, எப்படிச் சொல்றது அவ்வளவு ஆம்பளைங்க முன்னாடி" என்றிருக்கிறார். பிள்ளை ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னாள். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். அன்றைக்கு மதியம் சிஸ்டர் எல்லார் முன்னாலும், "இந்தப் பிள்ளைதான் கண்டுபிடிச்சது" என்றார். மறுநாள் ஆறே முக்காலுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அந்த வருடம் முழுக்க அவளை நான் 'பேசு' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதில் ஆசிரியர்களின் பங்கும் உண்டு. பத்து மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கவுன்சில் விதி சொல்கிறது. காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேர் மூன்று வார்டுகளில் சிதறி இருந்தால், ஆசிரியர் காலையில் பாதி நேரம் மாடிப்படியில்தான் இருப்பார். அவர் இல்லாத வார்டில் பிள்ளைக்கு ஊசி போடக் கை நீளாது; கேட்க ஆள் இல்லை. கல்லூரியைப் பற்றி விசாரிக்க வாய்ப்புக் கிடைத்தால் கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: வார்டில் ட்யூட்டர், அதாவது பயிற்சி ஆசிரியர், எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு நிற்கிறார்?

திட்டுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நோயாளி முன்னால், அவர் உறவுக்காரர் முன்னால், "இதுகூடத் தெரியாதா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அந்தப் பிள்ளையை அந்தக் கட்டில் பக்கம் மறுபடி வரவைக்க ஒரு மாதம் ஆகும். இதை நானே செய்திருக்கிறேன். ஆசிரியராகி மூன்றாவது வருடம். ஊசி ட்ரேயில் ஸ்பிரிட் பஞ்சு எடுத்துவைக்க மறந்த ஒரு பிள்ளையை ஐந்து பேர் முன்னால் கடிந்துகொண்டேன். அவள் அழவில்லை. ஆனால் அந்தப் போஸ்டிங் முடியும்வரை ஒரு ஊசிக்கும் தானாக முன்வரவில்லை. அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருபது ஊசிகளை நான் பறித்துவிட்டேன் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது எவ்வளவு பெரிய தவறாக இருந்தாலும் வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டுத்தான் பேசுகிறேன். உங்கள் தங்கையின் அழுகைக்குப் பின்னால் இப்படி ஒரு வார்த்தை இருக்கலாம். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் தங்கள் தவறும் வெளியே வந்துவிடும் என்ற பயம்.

அடுத்து மொழி. 'மதிப்பெண் குறையவில்லை, அப்புறம் என்ன கஷ்டம்' என்று நீங்கள் குழம்பியிருப்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடம், புத்தகம், பரீட்சை எல்லாம் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை முதல் வருடம் ஒரு வழி கண்டுபிடிக்கும்: வரிக்கு வரி மனப்பாடம். பரீட்சைக்கு அது போதும். வார்டில் போதாது. "ஏன் இந்த நோயாளிக்கு உப்பில்லாத சாப்பாடு?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டால், ஆறு பக்கம் தலைகீழாகத் தெரிந்த பிள்ளை வாயடைத்து நிற்கும். தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளே முடிவுகட்டிக்கொள்வாள். அவளுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது அவள் சொந்த மொழியில் இன்னும் இறங்கவில்லை. நான் இப்போது வார்டில் முதலில் தமிழில்தான் கேட்கிறேன். இதயம் சரியாக இழுத்து அனுப்பாவிட்டால் தண்ணீர் எங்கே போய்த் தேங்கும், காலில் ஏன் வீக்கம், உப்பு ஏன் அதைக் கூட்டும் என்று அவள் தமிழில் விளக்கிவிட்டால், ஆங்கிலச் சொற்களை மாட்டுவது இரண்டு வார வேலை.

இதே பிள்ளைகளிடம் நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு, மதுரை மட்டுமில்லாமல் சிவகங்கை, ராமநாதபுரம், தேனி, விருதுநகர் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளிலும் கிராமத்து ஜனங்கள் நிறைய. அவர்கள் 'வலி' என்று மட்டும் சொல்வதில்லை. கால் உளையுது என்பார்கள், கடுக்குது என்பார்கள், சுள்ளுனு இழுக்குது என்பார்கள். நெஞ்சு கரிக்குது, படபடன்னு வருது, கிறுகிறுன்னு சுத்துது என்பார்கள். மேலுக்கு முடியல என்றால் காய்ச்சலாகவும் இருக்கும், வெறும் அசதியாகவும் இருக்கும். கேட்கிற ஆளுக்கு அடுத்த கேள்வி தெரிய வேண்டும். உளைச்சலுக்கும் குத்தலுக்கும் எரிச்சலுக்கும் உள்ள வித்தியாசம் மருத்துவத்தில் சின்ன விஷயம் இல்லை. நோயாளியின் வலியை மதிப்பிடுவது என்று எங்கள் புத்தகத்தில் ஒரு பகுதியே இருக்கிறது; அதில் கேட்கச் சொல்வது இதைத்தான். உங்கள் தங்கை இதை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "நீ இந்தப் பாட்டி சொன்னதை அப்படியே தமிழில் எழுது, அப்புறம் அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடுவோம்" என்று நான் சொல்ல ஆரம்பித்த பிறகு கிராமத்துப் பிள்ளைகள் வார்டில் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கிறேன்.

ரெக்கார்டு எழுதும் சுமை இன்னொன்று. கேர் பிளான் (ஒரு நோயாளிக்கு என்ன பராமரிப்பு என்ற திட்டம்), கேஸ் ஸ்டடி, மருந்துக் குறிப்பேடு, புரொசீஜர் ரெக்கார்டு என்று எல்லாம் கையால் எழுத வேண்டும். வார்டில் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு, மதியம் வகுப்பு, ராத்திரி பதினொன்றுவரை எழுத்து. கடைசியில் என்ன நடக்கும்? சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து நோயாளி பெயரை மாற்றி எழுதுவார்கள். அந்த நிமிடத்தில் நோயாளி காணாமல் போகிறார். ஒரே நோயாளியை மூன்று நாள் கூர்ந்து பார்த்து நான்கு பக்கம் எழுதினால் கிடைப்பது, பார்த்து எழுதிய பத்து கேர் பிளானில் கிடைக்காது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்; கொஞ்சம் குறைந்திருக்கிறது, போதாது.

பயம் என்று எடுத்துக்கொண்டால் வீட்டில் பேச முடியாதவையே அதிகம். அறிமுகமில்லாத ஆணின் உடம்பைத் துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, யூரின் டியூப் சுத்தம் செய்வது. ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைக்கு முதல் முறை அது எவ்வளவு கூச்சம் என்று அவள் அண்ணனிடம் எப்படிச் சொல்வாள்? ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் "நர்ஸ் வேலையா" என்று இழுப்பதும் சேர்ந்துகொள்ளும். பையன்களுக்கு இது வேறு விதம். பிரசவ வார்டில் அவர்களுக்குக் கிடைக்கிற தயக்கமும் முகச்சுளிப்பும் அவர்களை அந்தப் பாடத்திலிருந்தே விலக்கிவிடுகிறது.

அப்புறம் முதல் மரணம். காலையில் கஞ்சி ஊட்டிவிட்ட தாத்தா மதியம் இல்லை. கட்டிலைச் சுற்றி ஸ்கிரீன் போடுவார்கள், உடலைத் தயார் செய்யச் சொல்வார்கள், அரை மணி நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு வேறு நோயாளி. பிள்ளையிடம் யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். பேசாமல் விட்டால் சிலர் இறுகிப்போகிறார்கள், சிலர் அந்த வார்டையே தவிர்க்கிறார்கள். அன்று சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் உட்காரவைத்து "அவரைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டால் போதும் என்பது என் பழக்கத்தில் கண்டது.

ஊசி குத்திக்கொள்ளும் பயத்தை மட்டும் நீங்கள் தெளிவாகப் பேசிவிடலாம், ஏனென்றால் இதில் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை, 0, 1, 6 மாதக் கணக்கில். அவள் மூன்றையும் போட்டுவிட்டாளா என்று கேளுங்கள். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று இதை மறைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மறைத்துவிட்டு மாதக் கணக்கில் தூங்காமல் இருந்தார்கள்.

சரி, இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. இனி எல்லோரும் உறுதியாகச் சொல்வதும், எனக்குச் சந்தேகமாக இருப்பதும்.

'விரும்பிச் சேர்ந்தவர்கள் ஒட்டிக்கொள்வார்கள், டாக்டர் சீட் கிடைக்காமல் வந்தவர்கள் விலகிப்போவார்கள்' என்பார்கள். முதல் ஆறு மாதம் அது உண்மை மாதிரித் தெரியும். அதற்குப் பிறகு என் கண்ணுக்கு அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. அழுதுகொண்டே சேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பவர்கள் என் பழைய மாணவிகளில் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆகவேண்டும் என்று வந்தவர்கள் இரண்டாம் வருடத்தில் அதிகமாக உடைவதையும் பார்க்கிறேன். மனதில் இருந்த படத்துக்கும் வார்டுக்கும் தூரம் அதிகம். அமெரிக்காவில் மார்லின் கிரேமர் 1974-இல் புதிய நர்ஸ்களைப் பற்றிச் சொன்ன 'நிஜத்தின் அதிர்ச்சி' இதுதான்: நர்சிங் பள்ளியில் கற்ற மதிப்புகளோடு வருபவள், வேலை நடக்கிற விதத்தைக் கண்டு நிலைகுலைவது. அவர் பேசியது வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பற்றி. அதன் சின்ன வடிவம் ஒன்று இரண்டாம் வருட மாணவிக்கும் வருகிறது என்பது என் ஊகம். உங்கள் தங்கை ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ மதிப்பெண்ணும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு நர்சிங் இடங்கள் அதை வைத்துத்தான் நிரம்புகின்றன. எழுத்துத் தேர்வில் யார் தேறுவார்கள் என்பதை அது ஓரளவு காட்டும். நோயாளி பக்கத்தில் யார் நிலைத்து நிற்பார்கள் என்பதை அது காட்டி நான் பார்த்ததில்லை.

செல்போன்தான் காரணம் என்று பெற்றோர்களும் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். வார்டில் போனை எடுக்கிற பிள்ளையைக் கவனித்தால், பெரும்பாலும் கையில் வேலை இல்லாத நேரத்தில்தான் எடுக்கிறாள். வேலை கொடுத்ததும் போன் பைக்குள் போய்விடுகிறது. போன் காரணமா, விளைவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பொம்மைகளை வைத்துப் பழகும் சிமுலேஷன் லேப் வந்தால் எல்லாம் சரியாகும் என்று இப்போது ஒரு நம்பிக்கை. 2014-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வார்டு நேரத்தில் பாதிவரை நல்ல சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் திறமையில் குறை தெரியவில்லை என்று காட்டியது. அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்கார்ந்து பேசும் நேரமும் இருந்தன. பூட்டிய அலமாரிக்குள் ஒரு பொம்மையை வைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் கை நடுக்கம் போக லேப் உதவும். உங்கள் தங்கையின் பயம் ஊசியைப் பற்றியதாக இருந்தால், மாலையில் லேபைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பது நல்ல வழி.

பணம் பற்றியும் நான் கருத்தை மாற்றிக்கொண்டேன். வீட்டில் கடன் இருந்தால் படிப்பில் மனம் போகாது என்று நினைத்திருந்தேன். கடனை நினைத்தே ஒரு நாள்கூட விடாமல் வருகிறவர்களும் உண்டு, அந்த நினைப்பிலேயே தவறு செய்யப் பயந்து ஒதுங்குகிறவர்களும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தப் பணம் அவள் கையில் இருப்பது, ரெக்கார்டு நோட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டில் கேட்காமல் இருக்க முடிவது, பிள்ளைகளுக்கு ஒரு தைரியம்.

நம் ஊரிலேயே வேறொரு துறையில் பார்க்கக்கூடியது ஒன்று. 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறது. அது நர்சிங் பட்டம் இல்லை, கண் மருத்துவத்துக்கு மட்டுமான பயிற்சி. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஆனால் ஆளுக்கு ஒரு தெளிவான வேலை, அதில் திரும்பத் திரும்பப் பழக்கம், அந்த இடத்தில் தனக்கு ஒரு இடம் என்று இருந்தால் அதே உசிலம்பட்டி, மேலூர் பிள்ளைகள் எவ்வளவு உறுதியாக நிற்கிறார்கள் என்பதை அங்கே ஒரு தடவை புறநோயாளியாகப் போனாலே பார்க்கலாம்.

இனி உங்கள் தங்கை. மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வார்டு அல்லது ஆள் காரணமாக இருந்தால், போஸ்டிங் மாறியதும் ஒரு வாரத்தில் குரல் மாறும். நான் பார்த்தவர்களில் அதிகம் பேர் இந்த வகை. இரண்டாவது, இந்த வேலையே உண்மையில் ஒவ்வாமல் இருப்பது. அப்படிச் சிலர் உண்டு. விட்டுப்போய் வேறு படித்து நன்றாக இருக்கும் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் யாரும் ஞாயிறு ராத்திரி மட்டும் அழவில்லை. எந்த வார்டிலும், எந்த நோயாளியிடமும் ஒட்டவே இல்லை. மூன்றாவதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்தவர்களிடமும் பேசாமல் இருக்கிறாளா? 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேசுகிறாளா? அப்படியானால் அது படிப்பின் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. காத்திருக்காமல் போய்ப் பாருங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அது இல்லை என்றால், வார்டுக்குப் போகாமல் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு பிரிவின் வார்டு நேரத்தையும் 100 சதவீதம் முடிக்க வேண்டும். இன்று விடும் ஒவ்வொரு நாளும் பின்னால், தோழிகள் இல்லாத ஒரு வார்டில் தனியாக நின்று தீர்க்கவேண்டிய கடன். படிப்பை விடுவதா என்ற முடிவை இந்தப் போஸ்டிங்கும் அடுத்த போஸ்டிங்கும் முடியும்வரை தள்ளிவையுங்கள். தள்ளிவைத்திருக்கிறோம் என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள். வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே நிற்பது அவளுக்குக் கொஞ்சம் சுலபமாகும்.

கல்லூரிக்குப் போய்ப் பேசினால் 'என் தங்கைக்கு மனசு சரியில்லை' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'வார்டில் அவளுக்கு ஒரு நோயாளியைத் தனியாக ஒதுக்கி, வாரத்துக்கு ஒரு நாள் ட்யூட்டர் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா?' என்று கேளுங்கள். செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். வகுப்பாசிரியரைவிட வார்டு சிஸ்டர் இன்சார்ஜ் ஒருவர் மனம் வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அவரிடம் நீங்கள் போக முடியாது. ட்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

போனில் அவளிடம் 'பிடிச்சிருக்கா' என்று கேட்பதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். "இன்னைக்கு யாரைப் பார்த்த? எந்த ஊர்க்காரங்க? என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். முதல் சில நாள் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ஒரு நாள் ஏதோ ஒரு பாட்டியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள் என்றால் எந்த வார்டு, என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமும் ஒருவரைப் பற்றியும் பேசவே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அவளுக்கு எந்தப் போஸ்டிங் என்று தெரிந்ததும் எழுதுங்கள், தம்பி. ஆபரேஷன் தியேட்டர் என்றால் முதல் வாரம் ஒரு விதமாக இருக்கும், மெடிக்கல் வார்டு என்றால் வேறு விதம். அவள் முன்கூட்டியே என்ன பழகிக்கொண்டு போகலாம் என்று அப்போது எழுதுகிறேன்.